பச்சை பார்க்க ஓடிய காலை

கருகும் ரப்பர் வாடை. போன வாரம் பீடோங்கிலிருந்து திரும்பும்போது திகாம் பத்துவில் பஸ் நின்றது. டயர் கடை வாசலில் யாரோ பழைய டயர்த் துண்டுகளைக் கொளுத்திவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கறுத்த புகை என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் ஒரு திறந்த வெளி. இருட்டு. ஐம்பது அறுபது பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் முகமும் மேலே பார்த்திருக்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் மண்ணெண்ணெய் கிடையாது. மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலைச் சுரண்டி உருட்டி, குச்சி நுனியில் செருகிக் கொளுத்துவோம். அதுதான் விளக்கு. வெளிச்சத்தைவிடப் புகை அதிகம். காலையில் காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். கடிகாரத்தையும் அவர்கள் மாற்றிவிட்டார்கள். டோக்கியோவில் ஆறு மணி என்றால் எங்களுக்கும் ஆறு மணி. பழைய கணக்கில் அது நாலரை. சூரியன் மட்டும் உத்தரவுக்குக் கட்டுப்படாமல் பழைய நேரத்துக்கே வந்தது. அதனால் பெரட்டு என்று நாங்கள் சொல்லும் காலை ஆள் கணக்கெடுப்பு நல்ல இருட்டில் நடந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வானம் அவ்வளவு பழக்கம் இல்லை. இலைதான் எங்கள் கூரை. வருடத்தில் சில வாரம், தை மாசி வாக்கில், மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்கும். அப்போதுதான் வானம் எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் வாசல் வரைக்கும் இறங்கி வரும். அந்த வருடம் இலையும் இல்லை, டவுனில் விளக்கும் இல்லை, நேரமும் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு நட்சத்திரத்தை யாருக்காக இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. எனக்குப் பதினாறு வயது. பெரட்டில் நிற்கும்போது கழுத்து வலிக்கும்வரை பார்ப்பேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அப்பாவையும் அம்மாவையும் மலேரியா முன்பே கொண்டுபோயிருந்தது. அண்ணிக்கு எட்டு மாசம். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் லயத்துக்குள் வந்திருந்தது. மூன்று மாதம்தான், அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். குருண் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு லோரி ஆள் போயிருந்தது. ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை.

கங்காணி ஒருநாள் பெரட்டில் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்குங்க. பேரு கூப்புடறப்ப இங்க நிக்கிறவன் தோட்டத்து ஆளு. நிக்காதவன் சயாம் ஆளு. அவ்ளோதான், நான் ஒன்னும் பண்ண முடியாது."

அன்றிலிருந்து அண்ணன் காய்ச்சலோடுகூடப் பெரட்டுக்குப் போனான். முதல் வரிசையில் நின்றான். "நம்ம காலு இங்க வேரு விட்டாச்சு. வேணும்னா அறுத்து எடுத்துக்கிட்டுப் போவட்டும்" என்று அண்ணியிடம் சொல்வான். அவள் சிரிக்கமாட்டாள்.

அந்த நாட்களில்தான் நான் அதைப் பார்த்தேன். ஜெராய் மலைக்கு மேலே, ஏழு ரிஷிகள் என்று எங்கள் ஆட்கள் காட்டும் நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில், விரலால் தேய்த்துவிட்டது மாதிரி ஒரு மங்கல். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் திரும்ப வரும்.

"அண்ணே, அங்க பாரு. மலைக்கு மேல. பஞ்சு மாதிரி."

"கண்ணுல பூளையா இருக்கும். தொடச்சிட்டுப் பாரு."

"தொடச்சாச்சு. நீ நேராப் பாக்காத, ஓரமாப் பாரு."

"நட்சத்திரத்தையெல்லாம் ஓரக் கண்ணால பாக்கச் சொல்றா என் தங்கச்சி" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். பிறகு அவனுக்கும் தெரிந்துவிட்டது.

கங்காணியும் வந்து பார்த்தார். "வால் வெள்ளியா இது? போங்கடா. நான் பாத்தேன், நாகப்பட்டணத்துல கப்பலேறி வந்த வருசம். ராத்திரி கப்பல் மேல் தட்டுல படுத்திருக்கோம், வாலு இந்தக் கடல்லேருந்து அந்தக் கடல் வரைக்கும். இதுக்கு வாலையே காணோம்."

"வாலு அறுந்து போயிருக்கும், கங்காணி" என்றான் அண்ணன். "கிளம்புன எடத்துல யாராவது மிதிச்சிருப்பாங்க." சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினான். "வால் வெள்ளி வந்தா ராசா போயிருவான்னு சொல்வாங்கல்ல? இப்ப நமக்கு ராசா யாரு?"

"வாயை மூடுறா" என்றார் கங்காணி. ஆனால் அவரும் இன்னொரு தடவை மலைப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதற்குப் பிறகு தினமும் பெரட்டில் வந்து நின்றதும் அண்ணன் முன்னால் பார்த்தபடியே கேட்பான், "இருக்கா?" நான், "இருக்கு" என்பேன். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொல்வான், "இருக்காம். புள்ள பொறக்கறதுக்குள்ள இவனுங்க மூட்டையக் கட்டிருவானுங்க." அந்தப் பஞ்சுத் துண்டின்மேல் அவன் அவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்தான். நான் அதற்குக் காவல் நின்றேன்.

எனக்கு ஒரு கூட்டு கிடைத்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் மகள். யாழ்ப்பாணத்து வேதக்காரக் குடும்பம். சுங்கை பட்டாணியில் அவள் படித்த பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் அவளும் என்னோடு மரவள்ளிக் காட்டில் சங்கோலைப் பிடித்தாள். சங்கோல் என்றால் மண்வெட்டிதான். நாங்கள் மலாய்ச் சொல்லையே சொல்லுவோம். என்னைவிட ஒரு வயது மூத்தவள். முதல் நாளே கை கொப்புளித்துவிட்டது. கொப்புளத்தை ஊதிக்கொண்டே வானத்தைப் பற்றிப் பேசினாள்.

"அது வால்வெள்ளியோ எண்டு அறியிறதுக்கு ஒரு வழி இருக்கு. நகருதோ எண்டு பார். பக்கத்து வெள்ளியள் எல்லாம் ஒண்டாப் போகும். அது மட்டும் தன்பாட்டில போகும்."

பெரட்டுக் களத்தில் ஒரு கல் இருந்தது. தினமும் இருவரும் அதே கல்லின்மேல் ஏறி நின்று, ரப்பர் தாள்களைப் புகை போடும் கூடத்தின் கூரை முனையைக் குறி வைத்துப் பார்த்தோம். நாலாம் நாள் அவள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "முதல்ல அந்தச் சின்ன வெள்ளிக்குக் கிட்ட நிண்டது. இண்டைக்குத் தள்ளி நிக்குது. விளங்குதோ?"

விளங்கியது. எங்கேயோ கிளம்பி எங்கேயோ போகும் ஒன்றை, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்னும் இரண்டு பெண்கள் ஒரு கல்லின்மேல் நின்று பிடித்துவிட்டோம். அவளிடம் எத்தனையோ கேட்டேன். எவ்வளவு தூரம், யார் முதலில் பார்த்தது, சூடா குளிரா. அது விழுமா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. ஜப்பான் அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளனோடு ஆள் எண்ண வந்திருந்தார். மலைமேல் மேகம். அண்ணன் வழக்கம்போல் கேட்டான், "இருக்கா?"

"மேகம், அண்ணே. தெரியல."

கங்காணி தாளை விரித்தார். அப்போது வெளிச்சம் வந்தது. எங்கள் தலைக்கு மேலிருந்து மலையை நோக்கி ஒன்று ஓடியது. மொட்டை மரங்களின் நிழல் எல்லாம் தரையில் ஒருசேரச் சுழன்று எங்கள் கால்களைக் கடந்து போனது. மேகத்தின் உள்ளே புகுந்து, மேகத்தை ஒரு கணம் விளக்குக் கூடு ஆக்கி, அணைந்தது. சத்தமே இல்லை.

நான் கத்தினேன். "வால் வெள்ளி விழுந்திருச்சு!"

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சையைப் பார்க்க வேண்டும். பச்சை மரம், பச்சை இலை, எதுவாவது. பார்க்காவிட்டால் கண்ணுக்கு ஆகாது, ஞாபகம் மங்கும், வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளைக்கு ஆகாது. சாதாரண நட்சத்திரம் விழுந்தால் நின்ற இடத்திலேயே பக்கத்து மரத்தைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று பக்கத்து மரங்களில் ஓர் இலை இல்லை. விழுந்ததும் சாதாரணம் இல்லை. நான்தான் சொல்லிவிட்டேனே, வால் வெள்ளியே விழுந்துவிட்டது என்று. இத்தனை நாளாக ராஜாவைக் கவிழ்க்க வந்து நின்றதே எங்கள் பக்கம் கவிழ்ந்துவிட்டால்?

ஓடினார்கள். கால்வாயைத் தாண்டி மரவள்ளிக் காட்டுக்குள் மொத்தப் பெரட்டும் ஓடியது. இருட்டில் இலை பச்சையா கறுப்பா என்று தெரியவில்லை. ரப்பர்க் குச்சிகளைத் தூக்கிப் பிடித்து, இலையைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். "பச்சைதானா இது?" "பச்சைதான், பாத்துட்டு அந்தாண்ட நவுரு, நாங்க பாக்க வேணாமா?" கங்காணியும் ஓடிவந்து ஓர் இலையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கையில் பெயர்த் தாள் இருந்தது.

அண்ணன் எங்களோடு வரவில்லை. அவன் நேர் எதிர்ப் பக்கமாக லயத்துக்கு ஓடினான். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை இருந்தது. ஒரு கொத்தை ஒடித்து, உள்ளே போய், அண்ணியை எழுப்பி, குச்சியைக் கொளுத்தி, "பாரு, இதைப் பாரு, எதுக்குன்னு பொறவு சொல்றேன்" என்று காட்டியிருக்கிறான். அவள் வானத்தில் எதையும் பார்க்கவே இல்லை. வயிற்றில் இருந்ததும் பார்க்கவில்லை. ஆனாலும் காட்டினான்.

நாங்கள் திரும்பியபோது காலிக் களத்தின் நடுவில் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளனும் தனியாக நின்றார்கள். கங்காணி மூச்சு வாங்கிக்கொண்டே பெயர் கூப்பிட்டார். நான்கு பேர் வரவில்லை. கூப்பிட்டு முடித்த பிறகு மூன்று பேர் ஓடிவந்து சேர்ந்தார்கள். அண்ணன் கடைசி. இடுப்பில் முருங்கைக் கொத்து செருகியிருந்தது. நான்கு பேரையும் தனியாக நிற்கச் சொன்னார்கள்.

"எங்க போனேன்னு கேக்கறாரு" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"நட்சத்திரம் விழுந்துச்சு. வீட்டுல புள்ளத்தாச்சி. பச்சை காட்டப் போனேன்."

"இதை நான் எப்படிய்யா சொல்றது?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் சொன்னான். நீளமாகச் சொன்னான். அதிகாரி கையை நீட்டி அண்ணன் இடுப்பிலிருந்த கொத்தை எடுத்தார். முகர்ந்தார். கொஞ்ச நேரம் மலைப் பக்கம் பார்த்தார். அவர் ஊரிலும் நட்சத்திரம் விழுந்தால் செய்ய ஏதாவது இருந்திருக்கும், அது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு கொத்தை அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயரை எழுதச் சொன்னார்.

மறுநாள் காலை மேகம் விலகியது. நான் நிமிர்ந்து பார்க்கக்கூடப் பயந்துகொண்டு நின்றேன். கிராணி மகள்தான் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். அது அங்கேயே இருந்தது. கொஞ்சம் நகர்ந்து, அதே பஞ்சு, அதே மங்கல்.

"விழலையா?"

"வால்வெள்ளி விழாது. அது போற பாதையில போகும்."

"அப்ப நேத்து விழுந்தது?"

"அது வேற என்னவோ. புத்தகத்தில இருந்தது. அந்தப் பக்கத்தை அப்பா சுருட்டுச் சுத்திப்போட்டார்."

அந்தச் சுருட்டில் போன பக்கத்தை நான் முப்பது வருடமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறவள். ஆனாலும் வானத்தைப் பற்றி ஒரு துணுக்கு இருந்தால் நின்றுவிடுவேன். சண்டை முடிந்த பிறகு குருண் சந்தையில் ஒரு மலாய்க்காரப் பாட்டியம்மாளிடம் கேட்டேன், எரிந்து விழுவதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று. "தாஹி பிந்தாங்" என்றாள். நட்சத்திரத்தின் பீ. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. அதற்காகவா நாங்கள் ஓடினோம்?

வால் நட்சத்திரம் பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி என்று பின்னால் ஒரு கட்டுரையில் படித்தேன். படித்ததும் பீடோங் ஐஸ்காரர் ஞாபகம் வந்தது. சைக்கிள் பின்னால் கோணிக்குள் மரத்தூளில் புரட்டிய ஐஸ் பாளம்; வெயிலில் அது கசிந்து, செம்மண் சாலை நெடுக ஈரக் கோடு போட்டுக்கொண்டே போகும். வால் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். அதுவும் தப்பு. வால் போகிற வழியில் பின்னால் இழுபடுவதில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே எப்போதும் நிற்கிறது. சூரியனை விட்டு விலகும்போது வால் முன்னே, தலை பின்னே. எதிர்க்காற்றில் நடக்கிற பெண்ணின் தலைமுடி மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பி நடந்தால் முடி முகத்துக்கு முன்னால் பறக்குமே, அது மாதிரி. இது பொருந்துகிறது. சூரியனிடமிருந்து தூரத்தில் இருந்தாலோ, கட்டி சின்னதாக இருந்தாலோ, வால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். நாங்கள் பார்த்தது அதுதான். மிதிபட்டு அறுந்த வால் இல்லை.

விழுகிற நட்சத்திரம் நட்சத்திரமே இல்லை. பெரும்பாலும் ஒரு மணல் அளவுதான். பூமிக்கு மேலே இருக்கிற காற்றில் உரசி, ஒரு மூச்சு நேரம் எரிந்து, முடிந்துவிடுகிறது. அந்த மணலில் பாதிக்கு மேல் என்றோ இந்த வழியாகப் போன வால் நட்சத்திரங்கள் உதிர்த்துவிட்டுப் போனவை என்று படித்த அன்று எனக்கு ஒருநாள் முழுக்கச் சந்தோஷம். வால் வெள்ளி விழுந்தது என்று நான் கத்தியதில் ஒரு துளி உண்மை இருக்கிறது அல்லவா? அடுத்த வாரமே அந்தச் சந்தோஷமும் போயிற்று. நிழல் சுழலும் அளவுக்குப் பெரிதாக எரிவது அநேகமாகக் கல். அந்தக் கல் வருகிற இடம் வேறு.

வால் வெள்ளியும் எரிநட்சத்திரமும் போக, அந்த மூன்றாவது விஷயத்துக்குத் தமிழில் பெயர் கிடைக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது. சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கணக்கில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் பாறைகள். வால் இல்லை, புகை இல்லை. எரிவதும் இல்லை. தொலைநோக்கியில் பார்த்தாலும் சாதாரண நட்சத்திரப் புள்ளி மாதிரிதான், நகர்வதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். ஒரு கோளாகக் கூடிக்கொள்ள முடியாமல் போனவை என்கிறார்கள். எப்போதாவது இரண்டு மோதிக்கொண்டு ஒரு சில்லு தெறிக்கிறது. அந்தச் சில்லு எத்தனையோ காலம் அலைந்து, ஒருநாள் ஒரு தோட்டத்துப் பெரட்டின் தலைக்கு மேலே பற்றிக்கொள்கிறது. வானத்தில் இருக்கிறவரை அது சிறுகோளின் துண்டு. எரியும்போது எரிநட்சத்திரம். ஒரே கல்லுக்கு இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. தோட்டத்து ஆள், சயாம் ஆள் என்று எங்களுக்கு மாறியதைப் போல.

இன்னொன்றும் படித்தேன். அப்படிப்பட்ட கல்லில் இருக்கும் உலோகங்கள் காற்றில் எரியும்போது சில சமயம் நிறம் காட்டுமாம். அதைப் படித்த பிறகுதான் நான் என் கண்ணில் இருந்ததை நம்பினேன். அன்று எங்கள் தலைக்கு மேலே ஓடிய வெளிச்சம் பச்சை. நல்ல இளம்பச்சை, துளிர் விட்ட மரவள்ளியின் பச்சை. யாரிடமும் நான் சொல்லவில்லை. எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான், பச்சை தேடி ஓடினோம்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கண்ணுக்கும் ஞாபகத்துக்கும் ஒரு குறையும் இல்லை. இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். அண்ணன் திரும்பவில்லை. அவனோடு போன மூவரில் ஒருவர் மட்டும் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக வந்தார். எந்த முகாமில் கடைசியாகப் பார்த்தார் என்று சொன்னார். நான் கேட்டது வேறு. அங்கே வானம் தெரிந்ததா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மூங்கில் காடு, அம்மா. மழை" என்றார்.

லோரி வந்தது அந்தக் காலைக்கு நான்காம் நாள். சாலையும் லயமும் சேரும் இடத்தில் நின்றது. அண்ணி வரவில்லை. வாசலிலேயே விடை சொல்லி, "ரோட்டு வரைக்கும் நடக்காத" என்று அவளைத் தடுத்துவிட்டான். நான் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கங்காணி தூரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியவில்லை. மலைமேல் அது இருந்தது. அண்ணன் லோரியில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"இருக்கா?"

"இருக்கு, அண்ணே. அது விழவே இல்ல. அன்னிக்கு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நான் கத்தாம இருந்திருந்தா நீ..."

"சரி சரி, விடு. மூட்டையைக் குடு."

கொடுத்தேன். என்ஜின் உறுமியது. கரிப்புகை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. அவன் தலையை வெளியே நீட்டி, அந்த முதல் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மலைப் பக்கம் நேராகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அது அங்கதான் இருக்குன்னா, அன்னிக்கு விழுந்தது எது?"

"தெரியல, அண்ணே."

"கேட்டு வை. வந்ததும் சொல்லு."